தாய்மீனின் தீனியும் சினையின் வளமும்

ராகலைப் பகுதியில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் அடுப்படியிலிருக்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெண்மையாக உறைந்து கட்டிபட்டிருப்பதை ஒவ்வொரு வீட்டாரும் கண்டிருப்பர். தணலருகே சிறிது நேரம் வைத்தாலன்றி அது இளகுவதில்லை. அதன் பக்கத்திலேயே நிற்கும் நல்லெண்ணெய்ப் போத்தல், அதே குளிரிலும் வழக்கம்போலச் சொரியும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் தன்மையது, நல்லெண்ணெய் அங்ஙனமன்று. அடுப்படியில் காணப்படும் இச்சிறு வேறுபாடு, தோட்டத்துக் குளத்திலே வளரும் தாய்மீனின் வயிற்றில் உருவாகும் சினையின் வளத்தையும் பெரிதும் பாதிக்கின்றது. மீன் வளர்ப்பிலே ஈடுபட்டுள்ள நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் இதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் நலம்.

மலைநாட்டுக் குளங்களும் கெண்டை மீனும்

ராகலை, கந்தப்பளை, உடப்புசல்லாவ ஆகிய இடங்களில் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு ஆகியன பயிராகும் தோட்டங்களிலே, நீர்பாய்ச்சுதற்கெனச் சிறு குளங்களும் தொட்டிகளும் அமைக்கப்பட்டுள்ளன. சரிவின் கீழே வலப்பனைப் பக்கத்திலே படிக்கட்டு வயல்களும் அவற்றிற்கு நீரூட்டும் ஓடைகளும் உள. இந்நீர்நிலைகளுள் ஆண்டு முழுவதும் வற்றாதவற்றில் மீன் வளர்த்துப் பயனடையலாம்.

இத்தேவை சிறிதன்று. 2016ஆம் ஆண்டில் நாடெங்கும் நடாத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, பெருந்தோட்டப் பகுதிகளிலே 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர்களாயிருந்தனர். நாடு முழுவதற்குமான அளவு ஏறக்குறைய 17 ஆகும். கடலுக்குத் தொலைவிலுள்ள மலைநாட்டிலே, வீட்டருகே கிடைக்கும் புதுமீன் பிள்ளைகளின் உணவிற்கு நல்ல துணையாகும்.

மலைநாட்டுக் குளிரைத் தாங்கி வளரும் மீன்களுள் காப் எனப்படும் சாதாரணக் கெண்டை முதன்மையானது. 1939ஆம் ஆண்டிலே நீலகிரியின் நீர்நிலைகளில் விடுவதற்கென இக்கெண்டை இலங்கையிலிருந்தே கொண்டுசெல்லப்பட்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1952ஆம் ஆண்டிலே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா கீழ்நாட்டுக் குளங்களிலே பெருகிற்று. எனினும் அது வெப்பத்தை விரும்பும் மீனாதலால் ராகலையின் குளிருக்கு ஏற்றதன்று. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை நுவரெலியாவிலே சாதாரணக் கெண்டையை இனம்பெருக்கும் நிலையமொன்றைக் கொண்டுள்ளது.

கெண்டை குளத்திலேயே இயல்பாக முட்டையிடும் மீனாகும். ஆகையால், சில கமக்காரர் வளர்ந்த மீன்களைத் தம் குளத்திலே நிறுத்தி, தாமே குஞ்சு பெற முயல்வதுண்டு. அம்முயற்சியிலே பலருக்கு நேரும் ஏமாற்றம் ஒன்றுண்டு. தாய்மீன் பருத்திருக்கும், வயிறும் பெருத்திருக்கும், முட்டையும் இடும், ஆயினும் முட்டைகளுட் பெரும்பாலானவை வெண்ணிறமாகிப் பூஞ்சணம் படர்ந்து அழியும். பொரித்த சில குஞ்சுகளும் மூன்று நான்கு நாளில் மடியும். நீரையும் குளிரையும் மட்டுமே இதற்குக் காரணமாகக் கருதுதல் பொருந்தாது. பல வேளைகளிலே குறை தாய்மீனின் தீனியில் உள்ளது.

சினையில் அடங்கியிருப்பவை

நெல்மணியினுள்ளே முளையும், அம்முளை வேர்விடும்வரை அதற்கு வேண்டிய உணவும் சேர்ந்திருத்தல் போல, மீன் முட்டையினுள்ளும் கருவும் அதற்குரிய உணவாகிய மஞ்சட்கருவும் சேர்ந்துள்ளன. கெண்டை முட்டை 20 பாகை வெப்பமுள்ள நீரிலே 3 அல்லது 4 நாளிற் பொரிக்கும். பொரித்த குஞ்சு அதன் பின்னரும் சில நாள் வாய்திறந்து உண்ணமாட்டாது. அதுவரை அதன் கண்ணும் மூளையும் நரம்பும் தசையும் யாவும், தாய் முட்டையினுள் வைத்துவிட்ட உணவைக் கொண்டே ஆக்கப்படுகின்றன. தாய் வைக்கத் தவறியதை வேறெவரும் பின்னர்ச் சேர்த்தல் இயலாது.

இம்மஞ்சட்கருவிற்குரிய பொருள், தாய்மீனின் ஈரலிலே புரதமும் கொழுப்பும் இணைந்து உருவாகிக் குருதி வழியே சூலகத்தை அடைகின்றது. ஒரு கிலோ எடையுள்ள கெண்டை ஏறக்குறைய 1 இலட்சம் முதல் 2 இலட்சம் முட்டைகள் வரை இடவல்லது. முற்றிய சினை உடலெடையில் ஐந்திலொரு பங்கு வரையும் இருத்தல் கூடும். இத்துணைப் பெரிய சேமிப்பு ஒருவாரத்திலோ இருவாரத்திலோ நிறைவதன்று. பல மாதங்களாகச் சிறிது சிறிதாகச் சேர்வதாகும். ஆதலின் முட்டையிடும் பருவம் நெருங்கியபின் நல்ல தீனி கொடுத்தல், கதிர் முற்றியபின் வயலுக்குப் பசளையிடுதலை ஒக்கும்.

இறுகும் கொழுப்பும் இளகும் கொழுப்பும்

எல்லாக் கொழுப்பும் ஒரு தன்மையன அல்ல. கொழுப்பு கொழுப்பமிலங்களால் ஆனது. தேங்காயெண்ணெயிலே நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கு நிரம்பிய கொழுப்பமிலங்கள் உள்ளன. இவை குளிரில் இறுகும். நல்லெண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் மீனெண்ணெயிலும் நிரம்பாத கொழுப்பமிலங்கள் மிகுதி. இவை குளிரிலும் இளகியே இருக்கும்.

மனிதரின் உடல் எந்நாளும் ஒரே சூட்டில் இருக்கின்றது. மீனின் உடலோ நீரின் குளிரையே தன் குளிராகக் கொண்டுள்ளது. மீனுடலின் நுண்ணிய கலங்கள் ஒவ்வொன்றையும் கொழுப்பாலான மென்றோல் சூழ்ந்துள்ளது. நீர் குளிருந்தோறும் அம்மென்றோல் இறுகிவிடாதிருக்க, இளகும் கொழுப்பு வேண்டப்படும். இறுகுங் கொழுப்பு குளிர்ந்த நீரிலே நன்கு செரிப்பதுமில்லை. இக்காரணங்களால், கீழ்நாட்டு மீனைவிட ராகலைக் குளத்து மீனுக்கு இளகும் கொழுப்பின் தேவை மிகுதியாகும்.

இளகும் கொழுப்பமிலங்களுள் இரண்டு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. ஒன்று லினோலெயிக் அமிலம்; எள், சோயா, சோளம், தவிடு ஆகியவற்றின் எண்ணெயில் இது மிகுதியாக உண்டு. மற்றையது லினோலெனிக் அமிலம். பச்சையிலைகளிலும் நீரிலுள்ள நுண்பாசியிலும் ஓரளவு சோயா எண்ணெயிலும் இது உண்டு. இவ்விரண்டையும் மீன் தன் உடலிலே தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது. தீனி வழியாகவே பெறவேண்டும். பெற்றபின், கெண்டை போன்ற நன்னீர் மீன்கள் இவற்றை நீட்டித்து, குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய நீண்ட கொழுப்பமிலங்களை ஆக்கிக்கொள்ளும். கடல் மீன்களுக்கு அவ்வாற்றல் குறைவு. அவை நீண்ட கொழுப்பமிலங்களை நேரே உண்ணுகின்றன. மீன்தூளும் மீனெண்ணெயும் இந்நீண்ட அமிலங்களை உடையனவாயிருத்தல் இதனாலேயாம்.

இவற்றின் பணி மஞ்சட்கருவோடு முடிவதில்லை. லினோலெயிக் அமிலத்திலிருந்து பிறக்கும் அரக்கிடோனிக் அமிலம், புரொஸ்டாகிளாண்டின் என்னும் தூண்டுபொருட்களுக்கு மூலமாகின்றது. முற்றிய முட்டை சூலகத்தினின்றும் விடுபடுதற்கும், பெண்மீன் முட்டையிட முற்படுதற்கும் இத்தூண்டுபொருட்கள் உதவுவது, கெண்டையின் இனத்ததாகிய பொன்மீனிலே ஆராய்ந்தறியப்பட்டுள்ளது. ஆண்மீனின் விந்தணுக்களும் இளகும் கொழுப்பு நிறைந்த மென்றோலை உடையன. ஆகவே தந்தைமீனின் தீனியையும் புறக்கணித்தலாகாது.

ஆராய்ச்சிகள் உணர்த்துவன

கொழுப்பிற்கும் இனப்பெருக்கத்திற்கும் உள்ள தொடர்பு முதலில் எலிகளிலே அறியப்பட்டது. 1922ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர் எவன்சும் பிஷப்பும், வளர்ச்சிக்குப் போதிய உணவுண்ட எலிகளும் ஒரு பொருள் குறைந்தமையால் ஈன இயலாது போவதைக் கண்டனர். அப்பொருளே பின்னர் விற்றமின் ஈ எனப் பெயர் பெற்றது. 1929, 1930ஆம் ஆண்டுகளிலே பர் தம்பதியினர், கொழுப்பு முற்றும் நீக்கிய தீனி உண்ட எலிகள் நோயுற்று இனம்பெருக்கும் ஆற்றலும் குன்றியதைக் கண்டு, சில கொழுப்பமிலங்கள் உயிருக்கு இன்றியமையாதன என நிறுவினர்.

மீன்களைப் பொறுத்தவரை ஜப்பானிய அறிஞர் பலர் உழைத்தனர். கெண்டையின் தீனியில் நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கு லினோலெயிக் அமிலமும், அரைப்பங்கு முதல் 1 பங்கு வரை லினோலெனிக் அமிலமும் இருத்தல் வேண்டுமென அவர்களின் ஆராய்ச்சிகளால் அறியலாயிற்று. 1984ஆம் ஆண்டிலே வட்டனபே என்பாரும் அவருடன் பணிசெய்தோரும், வானவில் டிரவுட் மீன்களுக்கு முட்டையிடுதற்கு முன் மூன்று மாத காலம் இன்றியமையாத கொழுப்பமிலம் குறைந்த தீனியைக் கொடுத்துப் பார்த்தனர். மீனின் வளர்ச்சி பெரிதும் குன்றவில்லை. ஆயினும் முட்டைகளிலே கண் தோன்றும் நிலையை அடைந்தவையும் பொரித்தவையும் வெகுவாகக் குறைந்தன. டிரவுட், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நுவரெலியாவின் குளிரோடைகளிலே விடப்பட்டு இம்மாவட்டத்தார் நன்கறிந்த மீனாதலால் இச்சோதனை ஈண்டுக் கருதத்தக்கது.

1993ஆம் ஆண்டிலே பிலிப்பைன் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பிற்குரியது. நைல் திலாப்பியாவின் தாய்மீன்களுக்கு வெவ்வேறு எண்ணெய் கலந்த தீனிகள் 24 வாரம் கொடுக்கப்பட்டன. கொட் ஈரலெண்ணெய் உண்டவை எடையில் முதலிடம் பெற்றன. குஞ்சு தருவதிலோ பின்தங்கின. சோயா எண்ணெய் உண்டவையே அதிக முறை முட்டையிட்டு மிகுதியான குஞ்சுகளைத் தந்தன. வெப்பநீர்த் திலாப்பியாவிற்கு லினோலெயிக் வகைக் கொழுப்பே முதன்மையான தேவை. குளிர்நீர் டிரவுட்டுக்கு லினோலெனிக் வகையே முதன்மை. கெண்டைக்கோ இரண்டும் வேண்டும்.

இவ்விரு சோதனைகளாலும் அறியவேண்டியது யாதெனின், மீனின் பருமனைக் கொண்டு அதன் சினையை மதிப்பிடலாகாது என்பதாம். உருளைக்கிழங்கு பயிரிடுவோர் சந்தைக்குரிய கிழங்கையும் விதைக்கிழங்கையும் ஒரே கண்கொண்டு பார்ப்பதில்லை. விற்பனைக்குரிய மீனையும் இனத்திற்குரிய மீனையும் அவ்வாறே வேறுபடுத்திப் பேணுதல் வேண்டும்.

சிக்குப் பிடித்த தவிட்டினால் வருங் கேடு

இளகும் கொழுப்பிற்கு ஒரு குறையுண்டு. அது காற்றுப்பட்டு விரைவிலே சிக்குப் பிடிக்கும். தவிட்டில் நூற்றுக்கு 12 முதல் 18 பங்கு வரை எண்ணெய் உண்டு. நெல் குற்றிய நாள் முதலே அவ்வெண்ணெய் கெடத் தொடங்கும். சிக்குப் பிடித்த எண்ணெய், நல்ல கொழுப்பமிலங்களை இழப்பதோடு மீனுடலிலுள்ள விற்றமின் ஈயையும் அழித்துவிடும். ஜப்பானிலே பழைய பட்டுப்புழுக் கூட்டுப்புழுவை உண்ட கெண்டைகள் முதுகுத் தசை வற்றி மெலிந்த நோய், எண்ணெய் கெட்டதனாலாயது எனவும், விற்றமின் ஈ அதனைத் தடுக்கும் எனவும் கண்டறியப்பட்டன. விற்றமின் ஈ குறைந்த கெண்டைகளிலே சூலகம் முற்றாது நின்றதையும் அந்நாட்டறிஞர் கண்டனர்.

மலைநாட்டின் ஈரக்காற்றிலே மூட்டையாகக் கிடக்கும் தவிடும் புண்ணாக்கும் பூஞ்சணம் பிடித்தலும் உண்டு. கைப்பு மணமோ பூஞ்சண மணமோ வீசும் தீனியைத் தாய்மீனுக்குக் கொடுத்தலாகாது. மலிவாய்க் கிடைத்த பழந்தவிடு, ஒரு பருவத்துக் குஞ்சு முழுவதையும் விலையாகக் கொள்ளும்.

ராகலைக் கமக்காரர் கைக்கொள்ளத்தக்க முறை

ராகலைப் பகுதியிலே ஒப்பளவில் வெப்பமான காலம் பங்குனி முதல் வைகாசி வரையாகும். நீர் 18 பாகைக்கு மேலே சூடேறும்போது கெண்டை முட்டையிட முற்படும். ஆழங்குறைந்து நன்கு வெயில்படும் குளமே இதற்கு உகந்தது. அப்பருவத்திற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னரே, அதாவது தைப்பொங்கலுக்கு முன்பே, தாய்மீனின் தீனி திருத்தப்பட்டிருத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையிலேயே தொடங்குதல் இன்னும் நன்று. ஏனெனில் மார்கழி, தை மாதக் குளிரில் மீன் குறைவாகவே உண்ணும். உண்பது சிறிதாதலால் அதன் தரம் உயர்ந்திருத்தல் வேண்டும்.

இனத்திற்குரிய மீன்களை வேறாக்கி, பத்துச் சதுர மீற்றர் நீர்ப்பரப்பிற்கு 1 கிலோ மீனுக்கு மேற்படாது விடுக. இயலுமாயின் ஆண், பெண் மீன்களை இரண்டு மாதம் முன்னரே பிரித்து வைக்க. வீட்டிலே கூட்டத்தக்க தீனிக்கு ஓர் எடுத்துக்காட்டு பின்வருமாறு: புதுத்தவிடு 40 பங்கு, வறுத்தரைத்த சோயா அல்லது சோயாப் புண்ணாக்கு 30 பங்கு, எள்ளுப் புண்ணாக்கு 15 பங்கு, மீன்தூள் 15 பங்கு. பச்சைச் சோயாவிலே செரிமானத்தைத் தடுக்கும் பொருளுண்டாதலால் அதனை வறுக்காது சேர்த்தலாகாது. முழுச் சோயாவைச் சேர்ப்பின் அதிலே எண்ணெய் மிகுதியாதலால் தவிட்டைச் சிறிது குறைத்துக்கொள்க. இக்கலவையிலே எள்ளும் தவிடும் லினோலெயிக் அமிலத்தையும், மீன்தூள் நீண்ட கொழுப்பமிலங்களையும் உதவும். தேங்காய்ப் புண்ணாக்கை உண்மீனுக்குப் பிற தீனியுடன் சேர்த்துக் கொடுத்தல் தவறன்று. ஆனால் தாய்மீனுக்கு அதனையே முதன்மையான தீனியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தீனியின் அளவு, நீரின் குளிருக்கேற்ப மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை போதுமானது. 10 கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 200 கிராம் ஆகும். நீர் சற்றுச் சூடேறிய நண்பகலிலே கொடுத்து, எஞ்சியதைக் கவனித்து அளவைக் குறைக்க. மிகுதியாக எண்ணெய் சேர்த்தலாலும் தீங்கே விளையும். வயிற்றறையிலே கொழுப்புத் திரண்ட மீன் நன்கு முட்டையிடாது.

குளத்து நீர் இளம்பச்சையாயிருத்தல் நன்று. அப்பசுமை நுண்பாசியால் ஆயது. அதனை உண்ணும் நுண்ணுயிர்களைக் கெண்டை உண்ணும். செலவின்றிக் கிடைக்கும் லினோலெனிக் அமிலம் இதுவேயாகும். நன்கு மக்கிய மாட்டெருவைச் சிறிதளவு இடுவதால் இதனைப் பெறலாம். கோழியெருவை அளவின்றிக் கொட்டினால் நீர் கெட்டு மீன் மடியும்.

முட்டையின் முளைதிறன்

நெல் விதையின் முளைதிறனை அறிய நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியில் இடுதல் கமக்காரர் அறிந்த முறை. மீன் முட்டைக்கும் அதுவே முறையாம். கெண்டையின் முட்டை ஒட்டுந் தன்மையது. நீர்ப்பூண்டுகளிலோ கட்டித் தொங்கவிட்ட தென்னந்தும்பிலோ ஒட்டிக்கொள்ளும். முட்டையிட்டபின் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றாவிடின், தாய்மீனே அவற்றைத் தின்றுவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து நூறு முட்டைகளை எண்ணிப் பார்க்க. உயிருள்ளவை தெளிவாயிருந்து உள்ளே கரும்புள்ளிபோற் கண் தோன்றும். இறந்தவை வெண்மையாக மங்கியிருக்கும். இவ்வெண்ணிக்கையை, கொடுத்த தீனியின் விவரத்தோடும் நீரின் வெப்பநிலையோடும் குறித்து வைப்பின், அடுத்த ஆண்டு எதனைத் திருத்த வேண்டுமென்பது தானே புலப்படும்.

கருதவேண்டிய பிற

தீனி ஒன்றே யாவற்றையும் சீராக்கும் எனக் கொள்ளுதல் தவறு. மரக்கறிப் பாத்திகளிலிருந்து வழியும் நீரிலே பூச்சிகொல்லி மருந்து கலந்திருப்பின், நல்ல சினையும் பயன்படாது. பாத்தியின் வடிநீர் குளத்துள் புகாதவாறு வரம்பும் வாய்க்காலும் அமைத்தல் வேண்டும். மருந்து தெளிகருவியைக் குளத்திலே கழுவலாகாது. வளர்ப்புக் கெண்டையை இயற்கை ஓடைகளில் விடுதல், அங்குள்ள உள்நாட்டு மீன்களுக்குக் கேடாகும்.

குஞ்சு பெறும் முயற்சி எல்லாக் கமக்காரருக்கும் வேண்டுவதன்று. சிறு தொட்டி உடையோர் நிலையத்திலிருந்து குஞ்சு பெற்று வளர்த்தலே இலாபமாகும். வற்றாத இரு குளங்களும் பருவந்தோறும் கவனிக்கும் பொறுமையும் உடையோர், அயலவர் சிலருடன் கூடித் தாய்மீன் பேணுவாராயின், குஞ்சைத் தொலைவிலிருந்து கொண்டுவருஞ் செலவும் வழியில் மடியும் இழப்பும் குறையும். வேண்டிய அனுமதி, நல்லின மீன் ஆகியன பற்றி நுவரெலியாவிலுள்ள நீருயிரின வளர்ப்பு நிலையத்தாரிடமும், குள அமைப்புப் பற்றி அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டறியலாம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. தாய்மீனின் பருமன் சினையின் வளத்திற்குச் சான்றாகாது.

2. முட்டையிடும் பருவத்திற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னரே தீனியைத் திருத்துக.

3. குளிர்நீர்க் கெண்டைக்கு இளகும் கொழுப்பு வேண்டும். எள், சோயா, புதுத்தவிடு, மீன்தூள் ஆகியன அதனைத் தரும்.

4. சிக்குப் பிடித்ததும் பூஞ்சணம் பிடித்ததுமான தீனியை விலக்குக.

5. நீரை இளம்பச்சையாகப் பேணுக. மருந்து கலந்த நீரைக் குளத்துள் விடாதிருக்க.

6. ஒவ்வொரு பருவத்திலும் நூறு முட்டைகளை எண்ணிக் குறித்து வைக்க.

மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்திருக்கக் காணும் அந்நாளே, தாய்மீனின் தீனியைக் கவனித்தற்குரிய காலம் வந்துவிட்டதென ராகலைக் கமக்காரர் கொள்வாராக.